ஆறு குரங்கு, ஓராண்டு, ஒரே கேள்வி: அமெரிக்க முதனி ஆய்வு மையங்களில் விதைநிதி வாங்க முழு வழிகாட்டி

அமெரிக்காவில் குரங்குகளை வைத்து உயிர்மருத்துவ ஆய்வு தொடங்க நினைப்பவர் முதலில் ஒரு சுழலில் மாட்டிக்கொள்வார். பெரிய கிரான்ட் கேட்டால், முதற்கட்டத் தரவு எங்கே என்று என்.ஐ.எச் (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள். தரவுக்குக் குரங்கு வேண்டும், குரங்குக்குப் பணம் வேண்டும், பணத்துக்குத் தரவு வேண்டும். இதை அறுக்கத்தான் தேசிய முதனி (பிரைமேட்) ஆய்வு மையங்கள் ‘பைலட்’ என்ற பெயரில் விதைநிதி கொடுக்கின்றன. சொந்த லேப் தொடங்கும் கட்டத்தில் இருப்பவர்களையும், எலியிலிருந்து குரங்குக்கு மாற நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

மையங்கள் மொத்தம் ஏழு: டேவிஸில் கலிஃபோர்னியா, பீவர்ட்டனில் ஓரெகன், சியாட்டிலில் வாஷிங்டன், மேடிசனில் விஸ்கான்சின், அட்லாண்டாவில் எமரி, லூயிசியானாவின் கோவிங்டனில் டுலேன், சான் அன்டோனியோவில் சவுத்வெஸ்ட். 1960-களின் தொடக்கத்தில் தொடங்கிய திட்டம். சவுத்வெஸ்ட் 1999-ல் கடைசியாகச் சேர்ந்தது. ஒவ்வொரு மையமும் என்.ஐ.எச்சில் ஆய்வுக் கட்டமைப்புத் திட்டங்களைக் கவனிக்கும் ஓ.ஆர்.ஐ.பி அலுவலகம் தரும் பி51 என்ற அடிப்படை கிரான்ட்டில் நடக்கிறது. பைலட் பணம் அதற்குள்ளிருந்துதான் வருகிறது. ஆகவே என்.ஐ.எச் விதிகள் அத்தனையும் இதற்கும் பொருந்தும். செலவை அந்த நிதியாண்டுக்குள் முடிக்க வேண்டும். கட்டுரை வெளியானால் மையத்தின் பி51 எண்ணைக் குறிப்பிட வேண்டும். தொகையின் வரம்பு மையத்துக்கு மையம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில பத்தாயிரம் டாலர், காலம் ஓராண்டு என்பது வழக்கமான அளவு.

பணம் சிறியது. அதைவிடச் சிறியது மையத்தில் காலியாக இருக்கும் குரங்குகளின் எண்ணிக்கை. நல்ல யோசனை இருந்தும் தோற்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பணத்துக்குத் திட்டமிட்டுவிட்டுக் குரங்குக்குத் திட்டமிடாதவை. பின்வரும் படிகளின் வரிசை அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது: எழுதுவது கடைசியில்தான் வரும்.

படி 1: உயிருள்ள குரங்கு தேவையா என்று பாருங்கள்

ஏழு மையங்களும் திசு விநியோகத் திட்டம் நடத்துகின்றன. வேறு காரணத்துக்காகப் பிரேதப் பரிசோதனைக்கு வரும் குரங்கிலிருந்து மூளை, கல்லீரல், நிணநீர்க்கணு, எலும்புமஜ்ஜை என்று கேட்டதை எடுத்து அனுப்புவார்கள். உறைய வைத்த சீரம், பாரஃபின் கட்டிகள், டி.என்.ஏ ஆகியவையும் வங்கியில் கிடக்கும். உங்கள் கேள்வி ‘இந்த ஏற்பி குரங்கின் விழித்திரையில் இருக்கிறதா’ என்ற அளவில் இருந்தால் திசுவே போதும். விதைநிதியே வேண்டாம், கையாளும் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

திசுவில் பதில் கிடைத்தாலும் அந்த வேலை வீண் இல்லை. ஆன்டிபாடி சரிபார்ப்பு இங்கேதான் நடக்க வேண்டும். மனிதச் செல்லில் பிடிக்கும் ஆன்டிபாடி மகாக் (ரீசஸ், சைனோமோல்கஸ் போன்ற குரங்குகள் அடங்கிய பேரினம்) செல்லிலும் பிடிக்கும் என்று நம்பி ஓராண்டைத் தொலைப்பது இத்துறையின் மிகப் பழைய தவறு. டி செல்லைக் காட்ட எல்லாரும் பயன்படுத்தும், சி.டி.3 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி வகைகளான (குளோன்கள்) யு.சி.எச்.டி.1-உம் ஓ.கே.டி.3-உம் ரீசஸ் குரங்கில் ஒட்டாது, எஸ்.பி.34-2 ஒட்டும். வெள்ளணுக்களைக் காட்டும் சி.டி.45-க்கு டி.058-1283 என்ற குளோன் வேண்டும். என்.ஐ.எச் ஆதரவில் இயங்கும் நான்ஹ்யூமன் பிரைமேட் ரீஏஜென்ட் ரிசோர்ஸ் எந்தக் குளோன் எந்த இனத்தில் வேலை செய்யும் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. உடலுக்குள் செலுத்திச் செல்களை நீக்கும் ஆன்டிபாடிகளும் அங்கே கிடைக்கும். விண்ணப்பத்தில் ‘எங்கள் ஆன்டிபாடித் தொகுப்பு ரீசஸ் ரத்தத்தில் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு படத்தோடு காட்டினால் மதிப்பீட்டாளரின் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் என்.ஐ.எச், மருந்துகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.டி.ஏ இரண்டுமே விலங்கு ஆய்வைக் குறைக்கும் திட்டங்களை அறிவித்தன. அதற்குப் பிறகு ‘இதை ஆர்கனாய்டில் (லேபில் வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரியில்) ஏன் செய்யக்கூடாது’ என்ற கேள்வி எங்கிருந்தும் வரலாம். ‘குரங்கு மனிதனுக்கு நெருக்கமானது’ என்பது பதிலாகாது. எந்த உறுப்பு, எந்த மரபணு, எந்தச் செயல்பாடு எலியிலும் கல்ச்சரிலும் இல்லாமல் குரங்கில் மட்டும் இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். விழித்திரையின் மாக்குலா, மாதவிடாய்ச் சுழற்சி, எஸ்.ஐ.வி (எச்.ஐ.வியின் உறவான குரங்கு வைரஸ்) தொற்று போன்றவற்றில் அந்த வாக்கியம் தானாக வரும். வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்.

படி 2: இனம், பிறகு மையம்

அருகிலிருக்கும் மையத்துக்குப் போவதே பலரின் பழக்கம். இனத்தை முதலில் தேர்ந்தால் மையம் தானாக அமையும்.

ரீசஸ் குரங்கு எங்கும் இருக்கிறது. ஆனால் எஸ்.ஐ.வி ஆய்வில் இந்திய வம்சாவளி ரீசஸும் சீன வம்சாவளி ரீசஸும் ஒன்றல்ல. எஸ்.ஐ.வி.மாக்239, எஸ்.ஐ.வி.மாக்251 போன்ற வைரஸ்கள் இந்திய வம்சாவளியில் அதிக வைரஸ் அளவை எட்டி, நோயை வேகமாக்கும். பழைய தரவு பெரும்பாலும் இந்திய வம்சாவளியில் எடுத்தது. இந்தியா 1978-ல் குரங்கு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று மையங்களில் உள்ள இந்திய ரீசஸ்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. அதனால் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, வரிசையும் உண்டு.

உறுப்பு மாற்று ஆய்வுக்கு மொரீஷியஸ் வம்சாவளி சைனோமோல்கஸ் சிறப்பு. சில குரங்குகளிலிருந்தே அந்தத் தீவின் குரங்குக்கூட்டம் பெருகியதால், உறுப்புப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எம்.எச்.சி மரபணுத் தொகுப்புகள் (ஹாப்ளோடைப்கள்) முக்கியமாக ஏழு மட்டுமே. பொருந்தும் ஜோடியைத் தேடுவது எளிது. பொதுவாகச் சைனோமோல்கஸ் இப்போது கிடைப்பது கடினம். 2020-ல் சீனா ஏற்றுமதியை நிறுத்தியது. 2022 நவம்பரில் கம்போடியக் குரங்குகள் தொடர்பாக அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்ட பிறகு அந்த வழியும் சுருங்கியது. பைலட்டைச் சைனோமோல்கஸில் செய்துவிட்டு, என்.ஐ.எச்சின் பெரிய ஆய்வு கிரான்ட்டான ஆர்01-ஐயும் அதிலேயே கேட்க நினைப்பவர், ஐந்தாண்டுக்கான விலங்கு எங்கிருந்து வரும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

வாஷிங்டனில் பிக்டெயில் மகாக் உண்டு. சவுத்வெஸ்டில் பபூன் கூட்டம். அங்கேயும் விஸ்கான்சினிலும் மார்மோசெட். கலிஃபோர்னியாவில் திறந்தவெளி அடைப்புகளில் பெரிய ரீசஸ் குழுக்கள், ஜோடியாக வாழும் டிட்டி குரங்குகள். ஓரெகனில் ஜப்பானியக் குரங்குகள். எமரியில் சூட்டி மங்கபே, எஸ்.ஐ.வி தொற்றினாலும் எய்ட்ஸ் வராத இனம். காசநோய், உயிர்பாதுகாப்பு மூன்றாம் நிலை வேலைகள் என்றால் டுலேன் முதலில் நினைவுக்கு வரும்.

மார்மோசெட் சிறியது, சீக்கிரம் வளரும், இரட்டைக் குட்டி போடும். அதைப் பார்த்து மயங்குபவர் ரத்தக் கணக்கைப் போட மறந்துவிடுகிறார். 400 கிராம் எடையுள்ள விலங்கில் மொத்த ரத்தமே 28 மில்லிலிட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு முறைக்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் 3 மில்லிலிட்டருக்கும் குறைவு. 5 கிலோ ரீசஸில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். உங்கள் செல் சோதனைக்கு 10 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் மார்மோசெட் பேச்சுக்கே இடமில்லை.

படி 3: எழுதுவதற்கு முன் மூன்று பேரிடம் பேசுங்கள்

வெளியாளாக இருந்தால் பல மையங்கள் அங்கேயே பணிபுரியும் ஒரு விஞ்ஞானியைக் கூட்டாளியாகக் கேட்கும். அவர் பெயருக்கு இருந்தால் போதாது. தொற்று, மயக்கம், திடீர் மரணம் என்று எது வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அவரோடு கூட்டம் போட்ட கையோடு கால்நடை மருத்துவரிடமும் குரங்குக்கூட்டத்தின் மேலாளரிடமும் பேசுங்கள். பைலட் விண்ணப்பங்களைக் கேட்கும் அறிவிப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பாவது இது நடக்க வேண்டும்.

மேலாளரிடம் கேட்க வேண்டியவை: இந்த வயது, இந்தப் பாலினம், இந்த எடையில் எத்தனை விலங்கு, எந்த மாதத்திலிருந்து? அவை எஸ்.பி.எஃப் விலங்குகளா? பொதுவாக எஸ்.பி.எஃப் என்றால் எஸ்.ஐ.வி, எஸ்.டி.எல்.வி, எஸ்.ஆர்.வி, பி வைரஸ் நான்கும் இல்லாதவை என்று பொருள். முன்பு வேறு ஆய்வில் இருந்தவையா, என்ன மருந்து, எந்தத் தடுப்பூசி பெற்றவை? ஆய்வு முடிந்ததும் கூட்டத்துக்கே திரும்பலாமா, இல்லை பிரேதப் பரிசோதனைதானா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் செலவை இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆக்கும். கூட்டத்துக்குத் திரும்பும் ஆய்வுக்கு விலங்கு கிடைப்பதும் எளிது.

பருவத்தையும் மறக்காதீர்கள். வெளியில் வாழும் ரீசஸ் இலையுதிர் காலத்தில் இணைந்து, ஏறத்தாழ 165 நாள் கழித்து வசந்தத்தில் குட்டி போடும். கர்ப்ப ஆய்வுக்கான பணம் கைக்கு வருவது மார்ச் என்றால், அடுத்த இணைகாலம் வரைக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பைலட்டின் பாதி ஆண்டு போய்விடும். வீட்டுக்குள் வளர்ந்து, காலம் குறித்து இணைக்கப்படும் கூட்டம் அந்த மையத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மரபணு சிகிச்சை ஆய்வு என்றால் ஒரே ஒரு முன்சோதனை ஆய்வைக் காப்பாற்றும். மகாக்குகளில் பலவற்றுக்கு, மரபணுவைச் சுமந்துசெல்லும் வெக்டராகப் பயன்படும் ஏ.ஏ.வி வைரஸை நடுநிலைப்படுத்தும் ஆன்டிபாடி இயற்கையாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் விலங்கை ஒதுக்கி வாங்கினால், ஆறில் இரண்டு மூன்றில் வெக்டர் வேலை செய்யாமலே போகலாம். காரணம் தெரியாமல் மருந்தைக் குறை சொல்லுவீர்கள். ஒதுக்கீட்டுக்கு முன்பே சீரத்தை வாங்கிச் சோதித்து, எதிர்மறை விலங்குகளை மட்டும் எடுங்கள். ஆறு வேண்டுமென்றால் சோதிக்கப் பன்னிரண்டு கேளுங்கள். எஸ்.ஐ.வியிலும் இதேபோல்: மாமு-பி*08, மாமு-பி*17 என்ற எம்.எச்.சி மரபணு வகை (அலீல்) உள்ள விலங்கு வைரஸைத் தானாகவே கட்டுப்படுத்தக்கூடும். நான்கு விலங்குக் குழுவில் இப்படி ஒன்று நுழைந்தாலும் தடுப்பூசி வேலை செய்தது போலத் தோன்றும்.

படி 4: எண்ணிக்கைக் கணக்கு

பைலட் என்றால் புள்ளியியல் வேண்டாம் என்று நினைப்பவர் மதிப்பீட்டில் அடி வாங்குவார். ஆனால் பெரிய ஆய்வுபோல 80 சதவீதப் புள்ளியியல் ஆற்றல் (பவர்) என்று கணக்குப் போட்டு 24 விலங்கு கேட்பவரும் அப்படியே. நடுவில் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழு, குழுவுக்கு மூன்று: மான்-விட்னி சோதனையில் எட்டக்கூடிய மிகச் சிறிய இருபக்க பி மதிப்பு 0.10. சிகிச்சைக் குழுவின் மூன்றும் கட்டுப்பாட்டுக் குழுவின் மூன்றையும் சுத்தமாகத் தாண்டினாலும் வழக்கமான எல்லையான 0.05-ஐத் தொடாது. குழுவுக்கு நான்கு என்றால் 0.029, ஐந்து என்றால் 0.008. ஒரே விலங்கை முன்னும் பின்னும் அளந்து வில்காக்சன் சோதனை போட்டால் ஐந்து விலங்குக்கு 0.0625, ஆறுக்கு 0.031. ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரு குரங்கு கூட்டுவது ஏன் என்று இந்த ஒரு வரியில் நியாயப்படுத்தலாம். தன்னைத் தானே ஒப்பிடும் வடிவமைப்பு பைலட்டுக்கு மிகவும் பொருந்தும்: அடிப்படை அளவை இரண்டு மூன்று முறை எடுத்தால் விலங்குக்கு விலங்கு இருக்கும் வேறுபாடு கணக்கிலிருந்து விலகிவிடும்.

பாதுகாப்பை நிரூபித்துவிட்டோம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறு விலங்கில் ஒன்றுக்கும் பாதகம் வரவில்லை என்றாலும், உண்மையான பாதக விகிதம் 39 சதவீதம் வரை இருக்கக்கூடும். ஒரே கூண்டில் வாழும் ஜோடியைத் தனித்தனி மாதிரியாக எண்ணுவதும் தவறு. நுண்ணுயிர், மன அழுத்தம் எல்லாம் பகிரப்படும். ஒரே தகப்பனின் குட்டிகள் என்றால் இன்னும் மோசம். வம்சாவளி அட்டவணையைக் கேட்டு வாங்கி, குடும்பங்களை இரு குழுவிலும் சமமாகப் பிரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாக்கியம் வேண்டும்: ‘இந்த அளவு இவ்வளவுக்கு மேல் வந்தால் ஆர்01 கேட்போம், கீழே வந்தால் விடுவோம்.’ அந்த எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்த விண்ணப்பத்தை, மதிப்பிடும் நாங்கள் நம்புவோம். மூன்று நோக்கங்களும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உபநோக்கங்களும் வைத்த பைலட் விண்ணப்பத்தை எங்களில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

படி 5: பட்ஜெட்

மையத்தின் கட்டணப் பட்டியலை வாங்காமல் ஒரு எண்ணையும் போடாதீர்கள். பராமரிப்புக்கு ஒரு விலங்குக்கு ஒரு நாளுக்கென்று ‘பெர் டியம்’ வசூலிப்பார்கள். அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் பணத்தைத் தின்னும். கணக்குப் புரிவதற்காகக் கற்பனை விலைகளை வைத்து ஒரு மாதிரி பார்ப்போம்.

பெர் டியம் 14 டாலர், விலங்கு 6, பழகும் காலத்தையும் சேர்த்து 180 நாள்: 15,120. மயக்கி ரத்தம் எடுக்கும் வேலை ஒரு முறைக்கு 60 டாலர், ஒவ்வொரு விலங்குக்கும் 8 முறை: 2,880. மரபணு வகைப்படுத்தல் விலங்குக்கு 150: 900. ஆக விலங்குச் செலவு 18,900. ஃப்ளோ சைட்டோமெட்ரி, ரீஏஜென்டுகளுக்கு 9,000, சீக்வென்சிங்குக்கு 8,000 என்றால் 35,900. வரம்பு 50,000 என்றால் 14,100 மீதம். உடனே இன்னொரு நோக்கத்தைச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். அனுமதி 45 நாள் தாமதமாகி, ஒதுக்கிய விலங்குகள் அங்கேயே நின்றால் 3,780 போய்விடும். ஒரு விலங்கு நோயுற்று மாற்று விலங்கு வந்தால் பழகும் காலம் மறுபடி தொடங்கும். கால்நடை மருத்துவச் செலவு சில இடங்களில் பெர் டியத்தில் அடங்கும், சில இடங்களில் தனி பில். பத்தில் ஒரு பங்காவது ஒதுக்கி வைக்காத பட்ஜெட்டை மேலாளர் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

முதன்மை ஆய்வாளரின் சம்பளம், வெளிநாட்டுப் பயணம், பெரிய கருவி ஆகியவற்றை அறிவிப்பு அனுமதிக்காதிருக்கலாம்; வாசித்துவிட்டுப் போடுங்கள். இந்தியாவில் உள்ள கூட்டாளியின் லேபுக்கு ஒரு குழாய் பிளாஸ்மா அனுப்பும் யோசனை இருந்தால் ஜாக்கிரதை. முதனி இனங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் அல்லது இரண்டாம் இணைப்பில் இருப்பவை. ரத்தம், திசு எதற்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும். பைலட்டின் ஓராண்டுக்குள் அது முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அளவீட்டை அமெரிக்காவிலேயே முடித்து, தரவை அனுப்புங்கள்.

படி 6: ஐ.ஏ.சி.யு.சி அனுமதி

விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு டாலரையும் விலங்கில் செலவிட முடியாது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் வாரத்திலேயே நெறிமுறை வரைவையும் தொடங்குங்கள். பணம் வந்த பிறகு தொடங்கினால் இரண்டு மூன்று மாதம் தாராளமாகப் போகும். உங்கள் பல்கலைக்கழகமும் மையமும் வேறு வேறு என்றால் எந்தக் குழு முதன்மை என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இதைக் கடைசியில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

குழு திருப்பி அனுப்பும் காரணங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றேதான். மாற்று வழிகளுக்கான தேடலில் தேதி, தரவுத்தளம், தேடுசொல் இல்லாமை. ரத்த அளவை மில்லிலிட்டரில் மட்டும் எழுதி, எடைக்கு எவ்வளவு, இரண்டு வாரத்தில் மொத்தம் எவ்வளவு என்று எழுதாமை. ஆய்வை எப்போது நிறுத்துவது என்ற எல்லை மங்கலாக இருத்தல்: ‘நிலை மோசமானால்’ என்று எழுதாமல், எடை இத்தனை சதவீதம் குறைந்தால், இத்தனை நாள் சாப்பிடாவிட்டால் என்று எண்ணில் எழுதுங்கள். ஜோடியாக வைப்பதே விதி. தனியாக வைக்க வேண்டுமென்றால் அறிவியல் காரணமும் கால அளவும் வேண்டும். ‘மாதிரி எடுக்க வசதி’ காரணமாகாது. 1985-ல் விலங்கு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து குரங்குகளின் மனநலமும் சட்டப்படி கவனிக்க வேண்டிய விஷயம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ள மையங்களின் நெறிமுறை ஆவணங்களைப் பொதுத் தகவல் சட்டங்களின் கீழ் யாரும் கேட்டு வாங்க முடியும். வாங்கவும் செய்கிறார்கள். சூழலிலிருந்து பிரித்துப் படித்தாலும் நிற்கும்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுங்கள்.

உங்கள் மாணவருக்கான காகிதங்களும் இதே நேரத்தில் ஓடட்டும். காசநோய் எதிர்மறைச் சான்றும் தட்டம்மை எதிர்ப்புச் சான்றும் இல்லாதவரை விலங்கறைக்குள் விடமாட்டார்கள். மனிதரிடமிருந்து குரங்குக்கு இந்த இரண்டும் பரவினால் கூட்டமே அழியக்கூடும். மறுபக்கம், மகாக்குகளில் சாதாரணமாக இருக்கும் பி வைரஸ் மனிதரைக் கொல்லக்கூடியது. 1997-ல் அட்லாண்டா மையத்தில் ஓர் இளம் ஊழியரின் கண்ணில் குரங்கின் உடல்திரவம் தெறித்து, அவர் இறந்துபோனார். கண்ணாடியும் முகத்திரையும் எஸ்.பி.எஃப் விலங்குக்கும் கட்டாயம். கடி, கீறல், தெறிப்பு எதுவானாலும் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

படி 7: இப்போது எழுதுங்கள்

இத்தனையும் முடித்திருந்தால் எழுத இரண்டு வாரம் போதும். நோக்கங்கள் ஒரு பக்கம். அறிவியல் பகுதி அறிவிப்பு சொல்லும் நீளத்துக்குள். விலங்குகள் பகுதியில் நடைமுறை, நியாயம், வலிக்குறைப்பு மூன்றும். மையத்தின் கூட்டாளி விஞ்ஞானி தரும் கடிதத்தில் ‘உற்சாகமாக ஆதரிக்கிறேன்’ என்பதைவிட ‘ஜூலை முதல் 4 முதல் 6 வயதுள்ள ஆறு பெண் ரீசஸ் கிடைக்கும்’ என்ற வரி பத்து மடங்கு மதிப்புள்ளது. ஒரு பாலினம் மட்டும் என்றால் காரணம் எழுதுங்கள்; 2016-லிருந்து என்.ஐ.எச் பாலினத்தை உயிரியல் மாறியாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கடைசியில் ஒரு பத்தி: இந்தத் தரவு எந்த கிரான்ட்டுக்கு, எந்தத் தேதிக்கு. அதை எழுதாத பைலட்டுக்குப் பணம் கொடுப்பதில் மையத்துக்கு லாபமில்லை.

படி 8: அந்த ஓராண்டில் என்ன கெடும்

ரீசஸ் கூட்டங்களில் வயிற்றுப்போக்கு ஓயாத தொல்லை. கேம்பைலோபாக்டரும் ஷிகெல்லாவும் முக்கியக் காரணிகள். உங்கள் ஆய்வு குடல் நுண்ணுயிர்களைப் பற்றியது என்றால், மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்த நாளில் அந்த விலங்கின் தரவு முடிந்தது. கொடுக்காதே என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, சொல்லவும் கூடாது. சிகிச்சை பெற்ற விலங்கை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

மாதிரி எடுக்கும் காலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அறையில் எட்டுக் கூண்டு. முதல் விலங்குக்குக் கீட்டமைன் ஊசி போடும்போதே மற்ற ஏழும் கத்தத் தொடங்கிவிடும். எட்டாவது விலங்கின் முறை வரும்போது அது முக்கால் மணி நேரமாகப் பரபரத்துக்கொண்டிருக்கும். கார்ட்டிசோல் ஏறி, வெள்ளணு எண்ணிக்கை மாறி, குளுக்கோஸும் உயர்ந்திருக்கும். கட்டுப்பாட்டுக் குழுவை முதலிலும் சிகிச்சைக் குழுவைப் பிறகும் எடுத்தால் நீங்கள் அளந்தது வரிசையைத்தான். ஒவ்வொரு முறையும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். உண்ணாவிரத நேரம், ஊசி நேரம், ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் தாளில் குறியுங்கள். கை நீட்டி ரத்தம் கொடுக்கப் பழக்கிய விலங்குகள் கிடைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். பழக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களுக்கும் பெர் டியம் உண்டு.

எடுத்த ரத்தத்திலிருந்து எத்தனை செல் கிடைக்கும் என்பதும் முக்கியம். 10 மில்லிலிட்டரிலிருந்து பொதுவாக 10 முதல் 15 மில்லியன் செல் பிரியும். ஒரு சோதனை நிலைக்கு 2 மில்லியன் என்றால் ஐந்து முதல் ஏழு நிலைதான் சோதிக்க முடியும். எட்டு நிலை வரைந்துவிட்டு மாதிரி வந்த அன்று எதை விடுவது என்று விவாதிக்காதீர்கள். முக்கியத்துவ வரிசை குளிர்பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருக்கட்டும்.

படி 9: பைலட்டிலிருந்து பெரிய கிரான்ட்டுக்கு

ஓராண்டு பைலட்டுக்குப் பின் வழக்கமான அடுத்த கட்டம் ஆர்21: இரண்டு ஆண்டு, நேரடிச் செலவு மொத்தம் 2,75,000 டாலர், எந்த ஓராண்டிலும் 2,00,000-க்கு மேல் இல்லை. ஆர்03 ஆண்டுக்கு 50,000 வீதம் இரண்டு ஆண்டு; குரங்கு ஆய்வுக்கு அது பெரும்பாலும் காணாது, திசு வேலைக்குச் சரி. தரவு வலுவாக இருந்தால் நேரே ஆர்01. புதிய ஆர்01-க்கு வழக்கமான தேதிகள் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. ஆர்21-க்கு அதே மாதங்களில் 16. பைலட் மே மாதம் தொடங்கினால், ஆறு மாதத் தரவோடு பிப்ரவரியைப் பிடிக்கும்படி மாதிரி நாட்களை அமையுங்கள்; எல்லா அளவீட்டையும் கடைசி மாதத்துக்குத் தள்ளினால் ஜூனும் தவறும். நிராகரிக்கப்பட்டால் 37 மாதத்துக்குள் திருத்தி மீண்டும் அனுப்பலாம்.

பைலட் முடிவு எதிர்மறையாக வந்தாலும் கட்டுரையாக எழுதுங்கள், விலங்கு ஆய்வை எழுதுவதற்கான அரைவ் 2.0 வழிகாட்டியின்படி விலங்கு எண்ணிக்கை, விலக்கியவை, வரிசைக் குலுக்கல் எல்லாம் இருக்கட்டும். அதே குரங்குகளில் அதே வேலையை இன்னொருவர் மறுபடி செய்யாமலிருக்க அது ஒன்றே வழி. மிஞ்சிய பிளாஸ்மா, செல், திசுவின் பட்டியலை மையத்தின் வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள்.

பணம் முடிந்து சில ஆண்டுகளுக்குக்கூட மையத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: இந்தப் பைலட்டிலிருந்து எத்தனை கட்டுரை, எந்த கிரான்ட், எவ்வளவு? பி51-ஐப் புதுப்பிக்கும்போது அவர்கள் என்.ஐ.எச்சிடம் காட்டும் கணக்கு அது. அன்றே பதில் போடுங்கள். அடுத்த முறை விலங்கு ஒதுக்கும் கூட்டத்திலும் உட்காருபவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.